புறநகர் போட்டாச்சு, பஸ் விட்டாச்சு, ஊர் நகரவில்லை: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் கோளாறு தேடும் வழி

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் கணினியில் ஊர் கட்டும் ஆட்டம். அதில் பழைய ஊர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து நிலத்தை வாங்கி ஒரு புறநகரைப் போட்டு, இரண்டு பஸ் தடம் விட்டதும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஐந்திணை என்று பெயர் வைத்த என் ஊரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு புறநகர். தொழிற்பேட்டைக்குப் பாலை. விளையாட்டாக வைத்த பெயர்தான், ஆனால் அந்தச் சாலைகளை இப்போது பார்த்தால் பொருத்தமாகவே இருக்கிறது. நான்கு புறநகரிலும் ஏறக்குறைய ஒரே கோளாறுகள்தான் வந்தன, அதனால் தேடும் வரிசையும் கைக்குப் பழகிவிட்டது.

இங்கே சொல்வது 2015இல் வந்த முதல் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸுக்கு. 2023இல் வந்த இரண்டாம் பாகம் உள்ளுக்குள் வேறு மாதிரி நடக்கிறது, அங்கே இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எதையும் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்தி, தனிப் பெயரில் ஒரு சேவ் போடுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். சிக்னலை எடுத்து, சாலையை அகலப்படுத்தி, பஸ் தடத்தையும் மாற்றிவிட்டு ஓடவிட்டால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

## ஜோன் போட்டாச்சு, வீடு முளைக்கவில்லை

ஜோன் என்பது சாலையோர நிலத்தை வீட்டுக்கோ கடைக்கோ என்று ஒதுக்கிப் பூசுவது. முதலில் திரையின் கீழே வீட்டுத் தேவையைக் காட்டும் பச்சைப் பட்டையைப் பாருங்கள். பட்டை தரையோடு இருந்தால் கோளாறே இல்லை, ஊருக்கு ஆள் வரத் தேவை இல்லை, அவ்வளவுதான். இன்னும் நாலு தெருவுக்கு ஜோன் பூசினால் பட்டை ஏறாது. வேலையும் கடையும் வந்தால் ஏறும்.

பட்டை உயரமாக இருந்தும் வீடு வரவில்லையா? புதுச் சாலை பழைய சாலையோடு உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று அருகில் போய்ப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் சேர்ந்ததுபோலத் தெரியும். கிட்டே போனால் ஒன்று பாலத்து உயரத்திலும் மற்றொன்று தரையிலும் இருக்கும். குடியேறுகிற குடும்பம் வரைபடத்தின் விளிம்பிலிருந்து நெடுஞ்சாலை வழியாகத்தான் வருகிறது. விளிம்பிலிருந்து புறநகரின் வாசல்வரை விரலால் தடம் பிடியுங்கள். வழியில் ஒருவழிச்சாலை ஏதாவது எதிர்த்திசையில் நிற்கும். இடப்பக்கம் ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுத்து ஊரைத் தொடங்கியவர்களுக்கு இது அடிக்கடி நேரும், இறங்கும் சாலையும் ஏறும் சாலையும் மாறிப்போயிருக்கும்.

இரண்டும் சரி என்றால் நிலத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலைக்கும் தூக்கிக் கட்டிய சாலைக்கும் ஓரத்தில் ஜோன் கட்டம் வராது. செங்குத்துச் சரிவிலும் வளைவுகளிலும் கட்டங்கள் உடைந்து துண்டாகும். ஒரு கட்டம் 8 மீட்டருக்கு 8 மீட்டர், சாலையிலிருந்து உள்ளே நான்கு கட்டம். ஒற்றைக் கட்டங்களாகச் சிதறிக் கிடந்தால் தெருவை நேராக்கிவிட்டு மறுபடி பூசுங்கள்.

## வீடு வந்தது, ஆள் விட்டுவிட்டுப் போகிறார்கள்

கைவிடப்பட்ட வீட்டை உடனே இடிக்காதீர்கள். தலைக்கு மேல் என்ன குறி இருந்தது என்பதுதான் துப்பு.

மின்னல் அல்லது நீர்த்துளி. கம்பி எட்டவில்லை, குழாய் எட்டவில்லை, இல்லையென்றால் மொத்தமாகவே போதவில்லை. இரண்டு நிமிட வேலை.

நோய்க் குறி. ஆஸ்பத்திரி கட்டத் தோன்றும். வேண்டாம், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புறநகருக்காக ஆற்றோரம் புதிதாக ஒரு கழிவுநீர்க் குழாயைப் போட்டிருப்பீர்கள், அது பழைய பம்புக்கு மேல்நீரோட்டத்தில் இருக்கும். ஒரே இடத்தில் பம்புகளைக் குவித்தால் அவை இழுக்கிற இழுப்பில் நீரோட்டமே திரும்பிக் கழிவை உள்ளே கொண்டுவருவதும் உண்டு. நீரோட்டத்தின் அம்புக்குறிகளைப் பார்த்துப் பம்பை மேலே நகர்த்துங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் இரைச்சல்: நெடுஞ்சாலையையோ கடைத்தெருவையோ ஒட்டி வீடு இருக்கிறதா?

மண்டை ஓடு, தெருத் தெருவாக. புறநகர் போடுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்த்திருப்பார்கள். ஒரே மூச்சில் இருபது தெருவுக்கு ஜோன் பூசினால், வருகிறவர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயதில் வருவார்கள். ஆட்டத்தில் ஒருவரின் ஆயுள் சுமார் 6 ஆண்டு. அப்புறம் என்ன, ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். குறிஞ்சியில் முதல் அலை வந்தபோது கல்லறை நிரம்பி, அமரர் ஊர்திகள் மலைச்சாலையில் வரிசை கட்டி நின்றன. நானும் பதறிப்போய் மூன்று தகன மேடை கட்டினேன். அலை ஓய்ந்ததும் அந்த மூன்றும் சும்மா நின்று பராமரிப்புச் செலவைத் தின்றன.

கல்லறைகளில் ஒன்று நிரம்பி, அதைக் காலி செய்யும் ஆணை ஓடிக்கொண்டிருக்கிறதா? காலி செய்ய வேறெங்காவது இடம் வேண்டும், அது இல்லாமல் ஊர்திகள் சுற்றிக்கொண்டிருக்கும். இல்லை என்றால் பட்ஜெட் ஸ்லைடரை அலை முடியும்வரை மட்டும் ஏற்றுங்கள். அப்படியும் ஊர்திகள் வந்து சேரவில்லை என்றால் அது சாவுப் பிரச்சினை அல்ல, சாலைப் பிரச்சினை. அடுத்த தலைப்புக்குப் போங்கள். புதுக் கட்டடம் கடைசியாக. அடுத்த புறநகருக்கு, ஐந்தாறு தெரு பூசி, சில மாதம் விட்டு, மறுபடி ஐந்தாறு.

கடைக்கு மேல் "விற்கப் பொருள் இல்லை". இதுவும் பெரும்பாலும் சாலைதான். லாரி எங்கோ நிற்கிறது.

## புறநகர் வாசலில் வண்டிகள் நெடுஞ்சாலைவரை நிற்கின்றன

என் நேரத்தில் பாதியைத் தின்றது இந்த ஒன்றுதான்.

நெரிசல் கண்ணில் படுகிற இடம் வரிசையின் வால். கோளாறு தலையில் இருக்கிறது. முல்லைக்கு இறங்கும் இடத்தில் நெடுஞ்சாலையில் சிவப்பாக நின்றது. அங்கேயே ஒரு தடம் கூட்டினேன், மூன்று வரிசை நான்காகி அப்படியே நின்றது. காசு போனதுதான் மிச்சம். அப்புறம்தான் வரிசையை முன்னோக்கித் தொடர்ந்து போனேன். இறங்குசாலை முடிந்து ஊருக்குள் நுழைகிற முதல் சந்திப்பில் ஒரு சிக்னல், அதைத் தாண்டி மூன்று கட்டத் தூரத்தில் இன்னொரு சந்திப்பு, அதிலும் சிக்னல். முன்னது பச்சையாகும்போது பின்னது சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் நாலு கார் நின்றால் இடம் தீர்ந்தது. மொத்த நெடுஞ்சாலையும் அந்த நாலு காருக்காகக் காத்திருந்தது!

ஆகவே தலையைக் கண்டுபிடியுங்கள். முன்னால் காலியாகவும் பின்னால் நெருக்கமாகவும் இருக்கிற முதல் இடம் அது. போக்குவரத்துத் தடங்களைக் காட்டும் பார்வையில் அந்தச் சாலைத் துண்டைச் சொடுக்கினால், அதன் வழியே போகிற எல்லோருடைய முழுப்பாதையும் வண்டி வகைவாரியாக நிறம் பிரிந்து தெரியும். இந்தப் பார்வை 2017இல் வந்த இலவச மேம்படுத்தலில் சேர்ந்தது, மோட் (ஆட்டக்காரர்கள் செய்து தரும் கூடுதல் நிரல்) எதுவும் தேவையில்லை.

### தலையில் சிக்னல் இருந்தால்

நான்கு தடச் சாலைகள் சந்திக்கும் இடங்களில் ஆட்டம் தானாகவே சிக்னல் வைத்துவிடும். அதே பார்வையின் சந்திப்புகள் பகுதியில் அதைச் சொடுக்கினால் எடுத்துவிடலாம், செலவே இல்லை. சின்னத் தெருப் பக்கம் மட்டும் நிறுத்தப் பலகை வையுங்கள். போதவில்லையா, வாசலுக்கு அருகில் உள்ள அடுத்த சந்திப்பை இடித்துவிடுங்கள். சந்திப்புகளைக் குறைத்தது எனக்குப் பலமுறை தீர்வாகியிருக்கிறது, கூட்டியது அனேகமாக ஒருமுறைகூட இல்லை. ரவுண்டானா மூன்றாவது முயற்சி. அதையும் அதன் வாயிலேயே பஸ் நிறுத்தம் வைத்துக் கெடுத்துவிடாதீர்கள்.

### மூன்று தடம் இருந்தும் எல்லோரும் ஒரே தடத்தில் நின்றால்

வண்டி கிளம்பும்போதே முழு வழியையும் முடிவு செய்துவிடுகிறது. வழியில் கூட்டம் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அதற்கேற்ற தடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே சாலையை அகலப்படுத்துவதில் பலன் இல்லை. எல்லோரும் திரும்புகிற அந்த ஒரு திருப்பத்தைக் கண்டுபிடித்து அதற்கு மாற்றாக இன்னொரு திருப்பம் கொடுங்கள். வழி தேடும்போது வேக வரம்புதான் பேசும்: இருவழிச் சின்னச் சாலை மணிக்கு 40, நான்கு தடம் 50, ஆறு தடம் 60, நெடுஞ்சாலை 100 கிலோமீட்டர். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்தச் சாலையை ஒரு படி உயர்த்துங்கள்.

### நிற்பதில் பெரும்பகுதி லாரி என்றால்

பத்து லாரியைச் சொடுக்கி எங்கே போகின்றன என்று பாருங்கள். மருதத்தில் நான் பார்த்த பத்தில் எட்டு மருதத்துக்கே வரவில்லை. பாலையிலிருந்து சரக்கு ரயில் நிலையத்துக்குப் போகக் குடியிருப்புக்குள் குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தன. கனரக வாகனத் தடை போடலாம், காசு அதிகம் ஆகாது. போட்டபின் லாரிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில நேரம் இன்னும் மோசமான இடத்தில் போய் நிற்கும். நிரந்தரத் தீர்வு தொழிற்பேட்டைக்கு நெடுஞ்சாலையிலிருந்து தனி இறக்கம். செலவு கூடுதல், ஆனால் புறநகரை அகலப்படுத்தும் செலவைவிடக் குறைவு.

### எல்லா வகை வண்டியும் நின்றால்

எண்ணிப் பாருங்கள், புறநகருக்கு எத்தனை வாசல்? ஒன்று என்றால் விடை கிடைத்துவிட்டது. பழைய ஊருக்குள் நேராகப் போகும் இரண்டாவது சாலை ஒன்றைப் போடுங்கள், நெடுஞ்சாலையைத் தொடாமல். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் நெடுஞ்சாலையில் ஏறி இறங்குவதால்தான் பாதிக் கூட்டம்.

ஒரு எச்சரிக்கை. வெகுநேரம் நின்ற வண்டியை ஆட்டம் சத்தமில்லாமல் மறைத்துவிடும். போக்குவரத்துச் சதவீதம் நன்றாக இருக்கும், கடைக்குச் சரக்கு மட்டும் வந்து சேராது. எண்ணை நம்பாதீர்கள், கடைக்கு மேல் இருக்கிற குறியை நம்புங்கள்.

## பஸ் காலியாக ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை

ஓடவே இல்லை என்றால் தடத்தை மூடவில்லை. கடைசி நிறுத்தத்துக்குப் பின் முதல் நிறுத்தத்தை மறுபடி சொடுக்கினால்தான் தடம் முழுமையாகும். மூடியிருந்தும் வரவில்லை என்றால் பணிமனைக்கும் தடத்துக்கும் இடையே வழி இல்லை. டிராமுக்கு இது இன்னும் கறார், டிப்போவின் வாசலிலிருந்தே தண்டவாளம் தொடர வேண்டும். மெட்ரோவுக்குப் பணிமனை வேண்டாம்.

ஓடுகிறது, ஆனால் காலி. ஒரு வீட்டைச் சொடுக்கி, அங்கே இருக்கிற ஒருவரைப் பிடித்து, அவர் பின்னாலேயே போங்கள். நான் அப்படிப் போன ஒரு பெண் வாசலில் இருந்த நிறுத்தத்தைத் தாண்டி, இரண்டு தெரு நடந்து, காரை எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று தடத்தைப் பார்த்தால் புரிந்தது. ஒருத்தரையும் விடக்கூடாது என்று நெய்தலின் எல்லாத் தெருவிலும் புகுந்து வருகிற மாதிரி நான் பாம்புபோல வளைத்துப் போட்டிருந்தேன். அவருடைய வேலை எதிர்த்திசையில். பஸ் ஏறினால் ஊரையே சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தத் தடத்தை மூன்றாக வெட்டினேன். ஒவ்வொன்றும் வீட்டிலிருந்து நேராக ஓர் இடத்துக்கு. காலியாக ஓடுகிற நீளத் தடத்துக்கு வண்டி கூட்டுவது வீண், முதலில் வெட்டுங்கள்.

## நிறுத்தத்தில் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள்

மகிழ்ச்சியான கோளாறு. ஆனாலும் கோளாறு.

ஒரு பஸ்ஸில் 30 பேர், டிராமில் 90, மெட்ரோவில் 180, பயணி ரயிலில் 240. நெய்தல் மெட்ரோவைத் திறந்த உடன் பழைய ஊரின் நிலைய வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தில் 400 பேர் நின்றார்கள். 400 பேரை ஏற்றக் காலியான பஸ் 14 வேண்டும், அதற்குள் அடுத்த மெட்ரோ வந்துவிடும். மெட்ரோ நன்றாக வேலை செய்கிறது என்பதுதான் அங்கே பிரச்சினை. பஸ்ஸைக் கூட்டக் கூட்டப் பஸ்களே நிலைய வாசலில் நெரிசல் ஆயின.

அந்த 400 பேரில் சிலரைச் சொடுக்கிப் பாருங்கள், எங்கே போகிறார்கள்? என் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே அலுவலகப் பகுதிக்கு. மெட்ரோவையே இரண்டு நிலையம் நீட்டி அங்கே கொண்டுபோய் விட்டேன், நிறுத்தம் காலியானது. செலவு வரிசை இப்படி: அந்தத் தடத்துக்கு மட்டும் வண்டி எண்ணிக்கையை ஏற்றுவது, ஒரே நிறுத்தத்தில் நிற்கும் தடங்களைத் தனித்தனி நிறுத்தமாகப் பிரிப்பது, பஸ்ஸை டிராம் ஆக்குவது, கடைசியில் மெட்ரோவை நீட்டுவது.

### கூட்டமும் இருக்கிறது, பஸ்களும் ஐந்தாறாகக் கொத்தாக வருகின்றன

தடம் திறந்தபோது எல்லாப் பஸ்ஸும் பணிமனையிலிருந்து ஒன்றாகக் கிளம்பும். முதல் பஸ் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நிற்கும், பின்னால் வருவது காலியாக அதை முட்டிக்கொண்டு வரும். தடத்தைச் சுருக்குங்கள், நெரிசலான சந்திப்பைத் தவிர்த்துத் திருப்பிவிடுங்கள். 2015இல் வந்த ஆஃப்டர் டார்க் விரிவாக்கம் இருந்தால் பஸ்ஸுக்குத் தனித்தடம் உள்ள சாலை கிடைக்கும். இதற்குமேல் மோட்தான்.

## ரயில் நிலையத்துக்கு வெளியே ரயில்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன

தலையைத் தேடும் அதே வேலை. பத்துக்கு ஒன்பது தடவை தலையில் நிற்பது சரக்கு ரயில். சரக்கும் பயணியும் ஒரே தண்டவாளத்தில் ஓடினால், வெளியூரிலிருந்து அரைகுறைச் சரக்கோடு வருகிற ரயில்கள் எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

செலவில்லாத சோதனை முதலில்: நிலையத்தைச் சொடுக்கி, வெளியூர் ரயில்களை அனுமதிக்கும் தேர்வை எடுத்துவிட்டு ஒரு மாதம் ஓடவிடுங்கள். குறைந்தால் விடை அதுதான். அப்புறம் நிலையத்துக்கும் அருகில் தண்டவாளம் பிரியும் இடத்துக்கும் இடையே ஒரு முழு ரயில் நிற்க நீளம் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் வால் பிரிவில் நின்று எதிர்த்திசையையும் மறிக்கும். சரக்குக்கு வரைபட விளிம்புவரை தனிப் பாதை போடுவது கடைசி, பெரிய செலவு. போட்டவர் யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை.

மெட்ரோவில் இதே காட்சி என்றால் ஒரே நடைமேடையில் எத்தனை தடம் என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

## கஜானா வற்றுகிறது

பஸ் தடம் நஷ்டத்தில் ஓடுவது இயல்பு, அதற்காக நிறுத்தாதீர்கள். புதுப் புறநகர் நிரம்பும்வரை வரியை இயல்பான 9 சதவீதத்திலிருந்து 12வரை ஏற்றலாம், அதற்குமேல் முணுமுணுப்பு தொடங்கும். ஆள் இல்லாத நேரத்துக்கு இரவுத் தடங்களை நிறுத்தினாலே ஓரளவு மிச்சமாகும்.

## எல்லாம் சரி, ஆனால் எதுவும் வருவதே இல்லை

சாலை காலி, கடையும் காலி, குப்பை லாரி கிளம்பவில்லை, அமரர் ஊர்தி கிளம்பவில்லை, பஸ் கூட்டியும் எண்ணிக்கை ஏறவில்லை. ஊர் பெரிதாக இருந்தால் ஆட்டத்தின் உச்சவரம்பில் முட்டியிருப்பீர்கள். ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகள் 16,384, சாலைத் துண்டுகள் 36,864, கட்டடங்கள் 49,152. இதற்கு மேல் ஆட்டம் கொடுக்காது. எந்த வரம்பு என்று எண்ணிக் காட்டும் மோட் உண்டு, அதை முதலில் போட்டுப் பாருங்கள். வண்டி வரம்பு என்றால் கார்களைச் சாலையிலிருந்து எடுப்பதுதான் வழி: மெட்ரோ, நடைபாதை, அலுவலகங்களை வீட்டுப் பக்கம் கொண்டுவருவது. துண்டு வரம்பு என்றால் புதிய புறநகர் இனி இல்லை.

## எப்போது நீங்களே போராடுவதை நிறுத்த வேண்டும்

மூன்று நிலைகளில் நான் நிறுத்திவிடுவேன்.

தலை எந்தச் சந்திப்பு என்று தெரிகிறது, சிக்னலை எடுத்தாயிற்று, பக்கத்துச் சந்திப்பை இடித்தாயிற்று, ஆனாலும் எந்தத் தடம் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்ல ஆட்டத்தில் வசதி இல்லை. அப்போது ட்ராஃபிக் மேனேஜர் பிரசிடென்ட் எடிஷன் மோட். வண்டி மறைவதை நிறுத்தும் தேர்வு அதில் உண்டு, எடுத்தவுடன் அதைப் போடாதீர்கள். மறைத்துவைத்த நெரிசல் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன்னே வந்து நிற்கும்.

ஒரே சந்திப்பை நான்காவது முறையாக இடித்துக் கட்டுகிறீர்கள் என்றால் வரைபடம்தான் தப்பு. பல வருடம் இதையே ஆடிய ஒருவரிடம் சேவ் கோப்பைக் கொடுங்கள். நானும் குறிஞ்சிக்கு அப்படித்தான் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார், நான் பார்க்கவே மறந்த இடம்.

மூன்றாவது, மோட் போட்டபின் ஊர் திறக்கவே இல்லை, அல்லது இல்லாத சாலையில் வண்டி நிற்கிறது. இனி சாலையைத் தொட வேண்டாம். மோட்களை எல்லாம் நிறுத்தி, பழைய சேவ் கோப்பைத் திறக்க முயலுங்கள். திறக்கவில்லை என்றால் ஆட்டத்தின் பதிவுக் கோப்பை அந்த மோட் செய்தவரிடம் கொடுங்கள், கூடவே கடைசியாக எதைச் சேர்த்தீர்கள் என்ற பட்டியலும், கோளாறுக்கு முந்தைய சேவும்.